கணக்கு சார் கோர்வைத் தறியில் உட்கார்ந்த நாள்

சுக்குப் போட்ட பெருமாள் கோயில் இட்லி சாப்பிட்டு என் வயிற்று உப்புசம் போய்விட்டது என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு சார் டீ கிளாஸை மேசைமேல் வைத்தார். அவர் எங்கள் ஆராய்ச்சி மையத்துக்கு வேலைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கிளாஸைக் கீழே வைத்தால் வம்புக்குத் தயாராகிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது. “இட்லியாலயா? எது வழியா டாக்டரே?” என்றார். “வாய் வழியாத்தான் சார், வேற எது வழியா?” என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “செவிலிமேட்டுலேருந்து கோயில் வரிக்கும் நடந்துதான போறீங்க? இட்லி வாங்க ஆரம்பிச்சதுலேருந்து காலையில வடகறிய வுட்டுட்டேன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? அப்ப உப்புசம் போனது சுக்காலயா, நடையாலயா, வடகறி போனதாலயா? ஒரு மாசம் இட்லி வாங்காத சும்மா கோயில் வரிக்கும் நடந்துட்டு வாங்க. அப்பால பேசலாம்” என்றார். பிரசாதத்துக்கே பரீட்சை வைக்கிற மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வீம்புக்கு ஒரு மாதம் வெறுமனே நடந்து பார்த்தேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. அதை மட்டும் அவரிடம் நான் சொல்லவே இல்லை.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. மையத்தில் அதை யாரும் உபயோகித்ததில்லை. புள்ளிவிவரம் பார்க்கிறவர் என்பதால் கணக்கு சார். நான் டாக்டர் என்பதால் டாக்டரே. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரி முன்கோபம். தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வந்து, பஸ் மாறி, காஞ்சிபுரம் வருவார். திங்கட்கிழமைகளில் ஏரி மீன் குழம்பு கொண்டுவருவார். முதல் நாள் வைத்த குழம்பு. “பழசானதால ருசியா, ஏரி மீனால ருசியா?” என்று நான் அவர் பாணியிலேயே கேட்டால், “சாப்பிடும்போது கேள்வி கேக்கக்கூடாது மா” என்று என் தட்டில் இன்னொரு துண்டைப் போட்டுவிடுவார். சண்டை போட்ட நாளில்கூடக் குழம்பில் எனக்குப் பங்கு உண்டு. சண்டை இல்லாத நாள் அநேகமாகக் கிடையாது என்பதால், இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

நாங்கள் சேர்ந்து செய்த வேலைகளில் நான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பது ஒன்றைத்தான். பட்டுத் தறியில் உட்காரும் பெண்களுக்கு, அதே தெருக்களில் தறியில் உட்காராத பெண்களைவிட, நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அதிகமாக இருந்தன. ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். பணம் கொடுத்தது சென்னையில் இருந்த ஓர் அறக்கட்டளை. தொடக்கக் கூட்டத்திலேயே பெண்கள் எழுந்து, “எங்களுக்குத் தெருவுல ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க மா, அது போதும்” என்றார்கள். அறக்கட்டளை அதிகாரி நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கையில் ஒருமுறை மட்டும் செலவழிக்க ஒரு தொகை இருந்தது. “ஆய்வு முடியட்டும். தண்ணீர் குறைவாகக் குடிப்பதால்தான் வருகிறதென்றால் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துப் பழக்கப்படுத்துவோம். அது இல்லையென்றால் மற்றதை யோசிக்கலாம்” என்றார். ஆக, எங்கள் அறிக்கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பணம் போகும். பாட்டிலா கழிப்பறையா, இரண்டில் ஒன்றுதான். கழிப்பறை வேண்டும் என்று பெண்கள் சொன்னது கோரிக்கை என்ற கணக்கில் போயிற்று. எங்கள் கேள்விகளோ வெளியூரில் வெயிலில் வேலை செய்யும் ஆண்களுக்காக எப்போதோ தயாரானவை. வியர்வை எவ்வளவு, தண்ணீர் எத்தனை டம்ளர் என்றுதான் அவற்றில் இருந்தது.

இந்த மாதிரி ஆய்வை மீடியேஷன் அனாலிசிஸ் என்பார்கள். நாங்கள் நடுவழிக் கணக்கு என்போம். களப்பணிக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அதை விளக்க கணக்கு சார் தன் ஊர் பஸ்ஸைத்தான் இழுப்பார். “தென்னேரியிலேருந்து காஞ்சிபுரம் வரணும்னா வாலாஜாபாத் வழியா வரலாம், உள் ரோட்ல கிராமம் கிராமமாவும் வரலாம். இப்ப வாலாஜாபாத் வழிய அடைச்சிட்டோம்னு வெச்சிக்கோ. அப்பவும் எத்தினி பேரு காஞ்சிபுரம் வந்து சேருவாங்க? அதச் சொல்லிட்டா, வாலாஜாபாத் வழியா வந்தவங்க எத்தினி பேருன்னு தெரிஞ்சிடும் இல்ல?” தறிதான் தென்னேரி. நோய்தான் காஞ்சிபுரம். நடுவில் தண்ணீர் என்கிற வாலாஜாபாத். தண்ணீர்க் குறைவைச் சரிசெய்துவிட்டால் நோயில் எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. ஆனால் யாரையும் பிடித்து வைத்து இவ்வளவு குடி என்று நாங்கள் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அவரவர் வாழ்கிறபடி வாழ, நாங்கள் பார்த்துக் கேட்டு எழுதிக்கொள்வோம். வம்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதல் கணக்கு வந்த அன்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். தண்ணீர் அதிகம் குடிக்கிற பெண்களுக்குத்தான் நோய் அதிகம் என்று வந்திருந்தது. மருத்துவக் கல்லூரியில் படித்ததெல்லாம் பொய்யா என்று ஆகிவிட்டது. கணக்கு சார் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “ஏன் டாக்டரே, கடுப்பு வந்துச்சின்னு உங்க கிட்ட வந்தா நீங்க இன்னா சொல்லுவீங்க?” “நிறையத் தண்ணி குடிங்கம்மான்னு சொல்வேன்.” “அதத்தான் அவங்க செஞ்சிக்கினு இருக்காங்க. நோய் வந்து, நீங்க சொல்லி, தண்ணி கூடிச்சி. நாம போய் கேட்டது அதுக்கப்புறம். மகனுக்குக் கல்யாணம் ஆனப்புறம் அப்பனுக்குப் பொண்ணு பாக்கற கதையா இருக்குது.” அதனால் இதுவரை அந்த நோயே வராத பெண்களை மட்டும் பிரித்து, அவர்கள் இப்போது எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, பிறகு யாருக்கு வருகிறது என்று காத்திருந்து பார்க்கவேண்டும் என்றார். காத்திருப்பதா! அறக்கட்டளை அதிகாரி போனில் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. சார் அசையவில்லை. “எது முன்ன, எது பின்னன்னு தெரியாத வழி சொல்ல முடியாது மா” என்று சொல்லிவிட்டார்.

காத்திருந்தோம். இந்தமுறை கணக்கு சாதுவாக வந்தது. தறியில் உட்கார்கிறவர்கள் தண்ணீர் குறைவாகக் குடித்தார்கள். குறைவாகக் குடித்தவர்களுக்குப் பிற்பாடு நோய் அதிகம் வந்தது. நோயில் ஒரு கணிசமான பங்கு தண்ணீர் வழியாகவே வருகிறது என்று சொல்லும்படி ஓர் எண்ணும் கிடைத்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அதற்குள் மாதிரிக்கு ஒரு பாட்டில் செய்து அனுப்பிவிட்டார். நீல நிறம், பக்கத்தில் அளவுக் கோடுகள், இந்த நேரத்துக்குள் இந்தக் கோடு வரை என்று குறிப்பு, மேலே கொட்டை எழுத்தில் அறக்கட்டளையின் பெயர். கணக்கு சார் அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “தறிக்காரங்க ஏன் கம்மியா குடிக்கிறாங்க? அதுக்கு ஒரு காரணம் இருக்கணுமே. நெழல்ல உக்காந்துக்கினு செய்யற வேல. தாகம் எடுக்காம இருக்குமா?” என்றார். “ஐயோ சார், ஆரம்பிக்காதீங்க” என்று கும்பிட்டேன். அறக்கட்டளையின் வருடம் முடியப்போகிறது. அறிக்கை போகாவிட்டால் அந்தத் தொகை வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அதை நான் சொன்னதும் சார் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்குக் காலைல நான் தறியில உக்காரப் போறேன்” என்றார்.

வாழ்நாள் முழுக்க, ஒரே ஆளைப் பார்த்து முடிவுகட்டாதே என்று எல்லாரையும் திட்டியவர் அவர். அவரே தன்னை ஒரு கேஸாக வைத்துச் சோதனைக்குக் கிளம்பினால் எப்படி இருக்கும்? வேடிக்கை பார்க்கவே நானும் கூடப் போனேன். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்கார அண்ணனும் அவர் மனைவியான அக்காவும் எங்கள் ஆய்வில் இருந்தார்கள். அவர்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் இழை இழையாகக் கோர்த்துச் சேர்ப்பது. உடலுக்கான நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாக் கட்டையை அண்ணன் விடுவார். அவருக்குப் பக்கத்தில் தறிக் குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, கரைக்கான நாடாவை அக்கா விட்டு வாங்குவார். இரண்டு பேர் கையும் சேர்ந்து போனால்தான் புடவை வளரும். ஒருவர் எழுந்தால் மற்றவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அன்று காலை அக்காவை எழுந்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, கணக்கு சார் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அவர் இடத்தில் இறங்கினார். பக்கத்தில் நீலப் பாட்டில். “என் கரைய நாசம் பண்ண வந்திருக்கறவரப் பாருங்க டாக்டர் மா” என்று சிரித்துக்கொண்டே அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் நூலைத் தார் சுற்ற ஆரம்பித்தார்.

நாசம்தான் ஆயிற்று. “இன்னா சார், கைல வெச்சிக்கினு பாத்துக்கினு இருக்கறீங்க? நாடாவ வுடுங்க!” என்று அண்ணன் கத்துவார். இவர் பயந்துபோய் வேகமாக விட்டால், “இழுக்காதீங்க, கரை சுருங்குது!” என்று மறுபடி கத்துவார். இதற்கு நடுவே சார் ஒழுங்காகக் கோடு பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பத்தரை மணிக் கோடு தாண்டியதும் முகம் மாறிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். “அண்ணே, ஒரு நிமிஷம்…” “இந்தப் பூ முடியட்டும் சார்.” பூ முடிந்தது. “அண்ணே…” “இன்னும் நாலு எழை. இப்ப வுட்டா கோர்வை சேர்ந்த எடம் தெரியும்.” கடைசியில் அந்தப் பெரிய மனுஷர் குழியிலிருந்து தாவி ஏறி, செருப்புக்கூடப் போடாமல், பக்கத்துக் காலிமனைக்கு ஓடினார். அக்கா தார்க் கட்டையைப் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் வயிறு வலித்தது. அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, வளராத புடவையைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டார்.

திரும்பி வந்த சார் முகத்தில் நிம்மதி இருந்தது. குழியில் ஒரு காலை இறக்கியவர், அப்படியே நின்றுவிட்டார். அக்கா பக்கம் திரும்பினார். “நான் ஆம்பள, செவுத்தோரமா போயிட்டு வந்துட்டேன். நீங்க எங்க மா போவீங்க?” என்றார். அக்காவின் சிரிப்பு நின்றது. வீடு அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிந்தபோது தறி இருந்த முன்கட்டு இவர்களுக்கு வந்ததாம், கழிப்பறை இருந்த பின்கட்டு கொழுந்தனாருக்கு. அவர் அதை வாடகைக்கு விட்டுவிட்டார். குடியிருப்பவர்கள் பூட்டிக்கொள்கிறார்கள். தெருக்கோடியில் இருக்கும் பொதுக் கழிப்பறை, தண்ணீர் இல்லையென்று காலை மாலை தவிர மூடிக் கிடக்கும். அந்தத் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான் பங்கு பிரிந்தவை. “அடக்கிக்கறதுதான் சார்” என்றார் அக்கா. “நான் எழுந்து தெருக்கோடி வரிக்கும் போய் பூட்டப் பாத்துட்டு வந்தா, அவரு அதுவரிக்கும் கைய கட்டிக்கினு ஒக்காரணும். தண்ணி குடிக்கலன்னா நாக்கு வறளும், அவ்ளோதான். குடிச்சா அடக்கணும் இல்ல? நாக்கு வறண்டா பரவால்ல சார்.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, தாரைத்தான் பார்த்தார். நான் பெண், டாக்டர் வேறு. என்னிடம்கூட அதுவரை அவர் இதைச் சொன்னதில்லை. யார் கேட்டோம், சொல்வதற்கு!

மையத்துக்குத் திரும்பும் வழியில் டீக்கடை வந்தது. சார் டீ வேண்டாமென்றார். அவர் டீ வேண்டாமென்று சொல்லி நான் கேட்டதே இல்லை. “நம்ம கணக்கு நாறிப்போச்சி டாக்டரே” என்றார். தறி தண்ணீரைக் குறைக்கிறது, சரி. ஆனால் அதே தறி அடக்கவும் வைக்கிறது. அடக்குவது நேராகவே நோயைக் கொண்டுவரும். தண்ணீர் குறைவதற்கும் அதுதான் காரணம். இரண்டு வழியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது, தண்ணீர் வழியாக வருவது இவ்வளவு என்று தனியே பிரித்து ஓர் எண் சொல்வது பித்தலாட்டம். அதைவிட மோசம், அந்த எண்ணை நம்பிப் பாட்டில் கொடுத்தால், போக இடமில்லாத பெண்கள் அதிகம் குடித்து அதிகம் அடக்குவார்கள். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, கோபமும் வந்தது. “இதைச் சொன்னா பாட்டிலும் இல்ல, கழிப்பறையும் இல்ல. பணம் அப்படியே வேற ஊருக்குப் போயிடும் சார். பாட்டிலாவது கிடைக்கட்டுமே!” என்று நடுரோட்டில் கத்தினேன். “அந்தம்மாவுக்கு அது கெடுதல் பண்ணா?” என்று அவர் திருப்பிக் கத்தினார். பூக்கடைக்காரம்மா எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து, “வுடுமா, ஆம்பளைங்க அப்பிடித்தான்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

கூட்டத்தன்று அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று. “எத்தனை சதவிகிதம் தண்ணீர் வழியாக? அந்த எண்ணைச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.” சார் எழுந்து, ஓர் எண் தன்னிடம் இல்லை என்றார். அடக்குவதை நாங்கள் அளக்கவே இல்லை. அது சிறிது என்று வைத்துக்கொண்டால் பாட்டில் நல்லது செய்யும். அது பெரிது என்று வைத்துக்கொண்டால் பாட்டிலே நோயைக் கூட்டும். இரண்டையும் போட்டுக் காட்டினார். எது உண்மை என்று இந்தத் தரவுகளுக்குத் தெரியாது என்றார். அதிகாரி எரிச்சலோடு, “எண் இல்லாத அறிக்கையை நான் மேலே எப்படி அனுப்புவது?” என்றார். சார் பையிலிருந்து நீலப் பாட்டிலை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை. “அனுப்ப முடியாதுன்னா வுட்டுடுங்க சார். பாட்டிலே குடுங்க. ஆனா கடுப்பு கூடிச்சின்னா அந்தப் பொம்பளைங்க என் கணக்கப் படிக்க மாட்டாங்க. பாட்டிலத்தான் படிப்பாங்க. உங்க பேருதான் மேல பெருசா போட்டிருக்குது.” அதிகாரி பாட்டிலைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பெயரைப் பார்த்தார். பிறகு, அந்தத் தெருவில் கழிப்பறை கட்ட யாரிடமாவது காலியிடம் இருக்குமா என்று என்னிடம் கேட்டார்.

இடம் கிடைப்பது லேசாக இல்லை. பங்காளிகளைச் சமாதானம் செய்ய நான் நடந்த நடையில் இன்னொரு நோய் வந்திருக்க வேண்டும். சார் சனிக்கிழமை தோறும் வந்து கூட நடந்தார். ஒரு வழியாக, தெரு நடுவில் மூன்று பங்காளிகளுக்குச் சேர்ந்திருந்த ஒரு மூலை கிடைத்தது. அஸ்திவாரம் போட்டதைச் சார் பார்த்தார். சுவர் எழும்புவதற்குள் தென்னேரியில், மகள் வீட்டில், மதியம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. கல்லூரிக் காலத்திலிருந்து எத்தனையோ சாவைப் பார்த்த டாக்டர் நான். அன்று அவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதேன். எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்க இனி யார் இருக்கிறார்கள் என்று அழுதேன். இப்போதும் திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் எனக்கு எதுவும் பிடிப்பதில்லை.

போன மாதம் மறுஆய்வுக்காக அந்தத் தெருவுக்குப் போனேன். இந்தமுறை எங்கே போகிறீர்கள், எவ்வளவு நேரம் அடக்குகிறீர்கள் என்ற கேள்விகளும் உண்டு. புதுக் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பூட்டுகிற வெளிக்கதவு கிடையாது, எந்த நேரமும் திறந்தே இருக்கிறது. முறைவைத்துக் கழுவுகிறார்கள். அண்ணனும் அக்காவும் தறியில் இருந்தார்கள். “சார் இருந்திருந்தா இன்னொரு தபா ஒக்கார வெச்சி இன்னொரு கரைய நாசம் பண்ணியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். நான் கேள்விகளை ஆரம்பித்தேன். பேச்சின் நடுவில் அவர் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து, அண்ணாந்து, கடகடவென்று குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த நாடாவை விட்டார். பாட்டில் கொடுக்கவில்லை, குடிக்கச் சொல்லவில்லை, நாங்கள் ஒரு வார்த்தைகூட அதைப்பற்றிப் பேசியிருக்கவில்லை. தண்ணீர்க் கேள்வி வந்தது. “ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறீங்க அக்கா?”

“அத யாரு எண்ணிக்கினு இருக்காங்க டாக்டர் மா?” என்றார். “தாகம் எடுத்தா குடிக்கிறேன்.”

படிவத்தின் அந்தக் கட்டத்தில் எண்தான் போடவேண்டும். நான் அவர் சொன்னதையே எழுதினேன்.